மானிப்பாயில் தமிழில் பாடமாக்கிய தசைகள்

மருத்துவபீட நண்பர்கள் தசைகளின் பெயர்களைப் பாடமாக்கும்போது எங்களுக்கே பாவமாய் இருக்கும். உயர்தரத்தில் தமிழில் உயிரியல் படித்தவர்கள். கம்பஸில் எல்லாம் இலத்தீன். 'பைசெப்ஸ்' எண்டால் இருதலை. 'சார்டோரியஸ்' தையற்காரனின் தசை, சம்மணமிட உதவுவது. பெயர் வைத்தவர்களுக்கு அது விளங்கின சொல், எங்களுக்கு வெறும் சத்தம்.

1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். 1860களில் தமிழுக்கு மாறினார். அதற்கு முன்னமே கட்டர் எழுதின உடற்கூற்று நூலைத் தமிழாக்கியிருந்தார். உடற்கூற்றியலுக்கு அவர்கள் வைத்த பெயர் 'அங்காதிபாதம்'. தலைமுடியில் இருந்து கால்வரை வர்ணிக்கிற கேசாதிபாத மரபை நினைத்தால், என்ன அழகான சொல்! பிறகு கிரேயின் பெருநூலும் தமிழில் வந்தது.

ஆனால் இதை வெறும் மொழிப்பற்று எண்டு கொண்டாட ஏலாது. ஆங்கிலம் படித்த பெடியள் அரசாங்க உத்தியோகம் தேடிப் போய்விடுவாங்கள், தமிழில் படித்தவன் ஊரில் நிற்பான் என்பதும் கிறீனின் கணக்கு. ஊருக்கு வைத்தியர் கிடைத்தார். அந்தப் பெடியனுக்கு வெளியே போகிற கதவு ஒடுங்கியது. அவனிடம் ஆராவது கேட்டார்களா?