பேட்டரிக்கு ஒரு காவல்காரன்: கார் வோல்டேஜ் ரெகுலேட்டரின் கதை

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பார்கள். கார் பேட்டரிக்கு இது அப்படியே பொருந்தும். சார்ஜ் ஏறாவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. அளவுக்கு மேல் ஏறினாலோ பேட்டரிக்குள் இருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியேறும், உள்ளே இருக்கும் தகடுகளும் சீக்கிரம் கெட்டுப்போகும். இந்த இரண்டுக்கும் நடுவே பேட்டரியைக் காப்பாற்றி வைப்பதுதான் வோல்டேஜ் ரெகுலேட்டர். அது ஒழுங்காக அமைவதற்கு முன்பு அந்த வேலையைப் பார்த்தது யார் தெரியுமா? காரை ஓட்டியவர்!

முதலில் பிரச்சினை என்ன என்று பார்க்கலாம். டைனமோவை (இன்றைய கார்களில் ஆல்டர்னேட்டர்) சுற்றுவது எஞ்சின். எஞ்சின் சும்மா நின்று ஓடும்போது நிமிடத்துக்கு எண்ணூறு சுற்று என்றால், நெடுஞ்சாலையில் அதுவே மூவாயிரத்தைத் தாண்டும். சுற்று கூடக் கூட வோல்டேஜும் கூடும். ஆனால் 12 வோல்ட் பேட்டரிக்கு வேண்டியதோ ஏறக்குறைய 14 வோல்ட் மட்டும்தான். வியாபாரியின் கல்லாவைப் போல வரவு தினம் ஒரு மாதிரி இருக்கும், செலவும் ஒரே மாதிரி இருக்காது. பகலில் விளக்கு வேண்டாம். இரவில் மழை பெய்தால் விளக்கு, வைப்பர் எல்லாம் வேண்டும். யாராவது ஒருவர் கணக்குப் பார்த்தே ஆகவேண்டும்.

மூன்றாவது பிரஷ்

1912-ல் காடிலாக் கார்களில் எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்தது. சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளரின் வேலை இது. அதுவரை முன்னால் நின்று ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் கை முறியும். அந்த ஆபத்து போனது, ஆனால் பேட்டரியும் அதற்குச் சார்ஜும் காருக்கு அவசியமாகிவிட்டன.

அந்தக் காலத்தில் பல கார்களில் இருந்தது 'மூன்றாம் பிரஷ்' டைனமோ. 1919 முதல் ஃபோர்டு மாடல் டி கார்களிலும் இதுதான். இதில் தனியாக வோல்டேஜ் ரெகுலேட்டர் கிடையாது. டைனமோவின் காந்தச் சுருளுக்கு மின்சாரம் கொடுக்கக் கூடுதலாக ஒரு பிரஷ் இருக்கும். வேகம் அதிகமானால், ஆர்மேச்சரில் ஓடும் மின்சாரமே காந்தப்புலத்தைக் கோணலாக்கிவிடும். அதனால் அந்தப் பிரஷுக்குக் கிடைக்கும் வோல்டேஜ் குறைந்து, காந்தமும் பலவீனமாகும். நடுத்தர வேகத்தில் அதிக மின்சாரம், அதற்கு மேல் போனால் குறைவு. மலிவான, புத்திசாலித்தனமான ஏற்பாடு.

ஆனால் ஒரு பெரிய குறை. பேட்டரி காலியா நிறைந்ததா என்பது இதற்குத் தெரியாது. நிறைந்த பேட்டரிக்குள்ளும் ஊற்றிக்கொண்டே இருக்கும். அதனால் பகலில் நீண்ட தூரம் போகிறவர்கள் பட்டப்பகலில் ஹெட்லைட்டை எரியவிட்டுப் போனார்கள்! வெளிச்சத்துக்காக அல்ல, பேட்டரி கொதித்துவிடாமல் இருக்க. வெயில் காலத்துக்கு ஒரு மாதிரியும் குளிர் காலத்துக்கு ஒரு மாதிரியும் மூன்றாம் பிரஷைத் தள்ளி வைக்க வேண்டும். இதை மறந்தால் நஷ்டம் வண்டிக்காரருக்குத்தான்.

அதிரும் பாயிண்ட்

1930-களில் கார்களில் விளக்குகள் கூடின, ரேடியோவும் வந்தது. மூன்றாம் பிரஷ் இனி தாங்காது என்ற நிலையில், மின்நிலையங்களில் ஏற்கனவே இருந்த ஒரு யோசனை கார்களில் பரவலானது. அதுதான் அதிரும் தொடுமுனை ரெகுலேட்டர்.

இதன் தத்துவம் எளிது. ஒரு சிறிய மின்காந்தச் சுருள், அதற்கு மேலே ஸ்பிரிங் பிடித்திருக்கும் ஒரு இரும்புத் தகடு, அதன் முனையில் ஒரு ஜோடி பாயிண்ட். வோல்டேஜ் எல்லையைத் தாண்டினால் சுருள் தகட்டை இழுக்கும், பாயிண்ட் பிரியும். உடனே டைனமோவின் காந்தச் சுருளுக்குப் போகும் மின்சாரம் ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சுற்றிப் போய்க் குறையும். வோல்டேஜ் இறங்கும், ஸ்பிரிங் பாயிண்டை மீண்டும் சேர்த்துவிடும். இது ஒரு வினாடிக்குள் பல பத்து முறை நடக்கும். சராசரியில் வோல்டேஜ் ஓரிடத்தில் நிற்கும். பேட்டரி நிறைய நிறைய, சார்ஜும் தானாகவே குறையும்.

பெரும்பாலான பெட்டிகளில் இதோடு ஒரு 'கட்-அவுட்' ரிலேவும் உண்டு. (கட்-அவுட் என்றதும் தியேட்டர் வாசலில் நிற்கும் ஹீரோ நினைவுக்கு வரலாம், இது வேறு!) எஞ்சின் நின்றதும் பேட்டரி மின்சாரம் டைனமோவுக்குள் திரும்பி ஓடாமல் இணைப்பைத் துண்டிப்பது அதன் வேலை. சில பெட்டிகளில் டைனமோ தன் சக்திக்கு மேல் உழைத்துக் கருகிவிடாமல் பார்க்கும் மூன்றாவது சுருளும் இருந்தது. பிரிட்டிஷ் கார்களில் இப்படிப்பட்ட பெட்டிகளைப் பரவலாகப் பொருத்தியது லூகாஸ் நிறுவனம். அது டிவிஎஸ் குழுமத்தோடு சேர்ந்து 1961-ல் தொடங்கியதுதான் சென்னையின் லூகாஸ்-டிவிஎஸ்.

ஓட்டுநருக்கு இப்போது நிம்மதி. கவனம் மெக்கானிக்கிடம் போனது. பாயிண்ட் தீய்ந்தால் தேய்த்துச் சுத்தம் செய்து, இடைவெளியைச் சரிபார்த்து, ஸ்பிரிங்கை அட்ஜஸ்ட் செய்வது அவருடைய கைவேலை. வோல்ட்மீட்டரும் அனுபவமும் இருந்தால் போதும்.

டையோடு செய்த புரட்சி

டைனமோவுக்கு இன்னொரு பலவீனம், எஞ்சின் மெதுவாக ஓடும்போது அநேகமாக ஒன்றும் தராது. நகர நெரிசலில் விளக்கோடு நின்றால் பேட்டரியிலிருந்து செலவுதான். ஆல்டர்னேட்டர் அந்த வேகத்திலும் மின்சாரம் தரும். ஆனால் அது தருவது ஏசி, பேட்டரிக்கு வேண்டியது டிசி. மாற்றித் தரச் சின்னதாகவும் உறுதியாகவும் ஒரு பொருள் தேவைப்பட்டது. சிலிக்கான் டையோடு வந்த பிறகு அது சாத்தியமானது. 1960-ல் கிறைஸ்லரின் வேலியண்ட் கார் ஆல்டர்னேட்டரோடு வந்தது.

டையோடு ஒரு திசையில்தான் மின்சாரத்தை விடும். எனவே கட்-அவுட்டுக்கு வேலை போனது. ஆல்டர்னேட்டர் இயல்பிலேயே ஓர் அளவுக்கு மேல் மின்னோட்டம் தராது. எனவே மூன்றாவது சுருளுக்கும் வேலை போனது. மிச்சம் இருந்தது வோல்டேஜ் பார்க்கும் சுருள் ஒன்றுதான். அந்த இடத்தையும் டிரான்சிஸ்டரும் ஜீனர் டையோடும் பிடித்துக்கொண்டன. எல்லை தாண்டினால் ஜீனர் மின்சாரத்தை விடும், உடனே டிரான்சிஸ்டர் காந்தச் சுருளுக்குப் போகும் சப்ளையை நிறுத்தும். அதிரும் பாகமும் இல்லை, தீய்ந்துபோகப் பாயிண்டும் இல்லை. 1970-களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் டெல்கோ ரெமி போன்ற நிறுவனங்கள் இதை ஒரு சிறு துண்டாக்கி ஆல்டர்னேட்டருக்குள்ளேயே வைத்துவிட்டன.

இன்று பல கார்களில் எஞ்சினின் கம்ப்யூட்டரே எவ்வளவு சார்ஜ் வேண்டும் என்று தீர்மானிக்கிறது. 2007-ல் பிஎம்டபிள்யூ கொண்டுவந்த முறையில், ஆக்சிலேட்டரை விட்டுக் கார் வேகம் குறையும் நேரத்தில்தான் பெரும்பாலும் சார்ஜ் ஏறும். வீணாகும் சக்தி சேமிப்பாகிறது, எரிபொருளும் மிச்சமாகிறது.

இந்த வரலாற்றில் கணக்குப் பார்க்கும் பொறுப்பு கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. முதலில் ஓட்டுநரிடம் இருந்தது, பிறகு மெக்கானிக்கிடம், இப்போது ஒரு சிலிக்கான் சில்லிடம். லாபம் பெரிது, இன்று பேட்டரியைப் பற்றி நினைக்காமலே பல மாதங்கள் வண்டி ஓட்டலாம். நஷ்டமும் உண்டு. தேய்த்துச் சரிசெய்த பாயிண்டின் இடத்தில் இப்போது திறக்க முடியாத ஒரு துண்டு இருக்கிறது. கெட்டால் ரிப்பேர் இல்லை, மாற்றத்தான் வேண்டும். சில நேரம் முழு ஆல்டர்னேட்டரையே!

டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால், "பேட்டரிதான் போச்சு" என்று உடனே புதிதாக வாங்கிவிடக் கூடாது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் வோல்டேஜை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 13-க்கும் கீழே கிடந்தாலோ 15-ஐத் தாண்டினாலோ, குற்றவாளி பேட்டரியாக இல்லாமல் அதன் காவல்காரனாகவும் இருக்கலாம்.