வேலைக்குப் போய்க்கொண்டே ஆடியவர்கள்: மலாயாவின் அமெச்சூர் காற்பந்து

மாணவர்களே, மலேசியக் கிண்ணம் எப்படி வந்தது என்று கேட்டால், ‘ஒரு போர்க்கப்பல் கொடுத்தது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். சரிதான். 1921இல் இங்கு வந்த எச்.எம்.எஸ். மலாயா கப்பல், நம் ஊர்க் குழுக்களோடு ஆடிவிட்டுக் காற்பந்துக்கு ஒன்று, ரக்பிக்கு ஒன்று என இரண்டு கிண்ணங்களைத் தந்தது. அந்தக் கப்பலைக் கட்டப் பணம் கொடுத்ததே ஐக்கிய மலாய் மாநிலங்கள்தான். (கிண்ணம் யார் காசு என்று நீங்களே யோசித்துப் பாருங்க!)

ஆனால் முக்கியமான விஷயம் வேறு. அந்தக் கிண்ணத்துக்காக மோதியது யார்? முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் 2-1 எனச் சிலாங்கூரை வென்றது. இரண்டும் கிளப்புகள் இல்லை, நிலப்பகுதிகள். இங்கிலாந்தில் 1885 முதலே சம்பளத்துக்கு ஆடலாம்; அங்கே கிளப்புதான் அடித்தளம். இங்கே மாநிலம்தான் எல்லாம்.

அமைப்பு இப்படித்தான் வேலை செய்தது. உள்ளூர்க் கிளப்புகளும் அரசுத் துறைக் குழுக்களும் மாநில அளவில் ஆடும். அதிலிருந்து மாநிலச் சங்கம் தன் குழுவைத் தேர்ந்தெடுக்கும். மாநிலக் குழுக்களிலிருந்து தேசியக் குழு அமையும். 1933இல் உருவான மலாயாக் காற்பந்துச் சங்கத்துக்கு உறுப்பினர்களே மாநிலச் சங்கங்கள்தான். 1951இல் அதன் தலைவரான துங்கு அப்துல் ரஹ்மான், நாடு விடுதலை பெற்ற 1957இல் மெர்டேக்கா போட்டியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்புக்கும் தலைவரானார்.

அப்போ ஆட்டக்காரர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? காவல்துறை, இராணுவம், வங்கி, அரசு அலுவலகம் என்று ஏதாவது ஒரு வேலை இருக்கும். வேலை முடிந்து பயிற்சி. பெரிய போட்டி வந்தால் விடுப்பு. ஆகவே முதலாளியின் தயவும் இந்த அமைப்பில் ஒரு தூண்தான். சங்கத்தின் விதிப்புத்தகத்தில் அதைத் தேடினால் கிடைக்காது.

‘அமெச்சூர் என்றால் தரம் குறைவு’ என்று எழுதிவிடாதீர்கள். அக்காலத்தில் ஒலிம்பிக் காற்பந்து அமெச்சூர்களுக்கு மட்டுமே. அந்தக் கதவு நமக்கும் திறந்தது. 1972 மியூனிக்கில் மலேசியா 3-0 என அமெரிக்காவை வென்றது. மேற்கு ஜெர்மனியிடமும் மொரோக்கோவிடமும் தோற்றது. 1980இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வீழ்த்தி மாஸ்கோவுக்குத் தகுதி பெற்றோம். ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகம் கோல் காவலர், சோ சின் ஆன் தற்காப்பில், சந்தோக் சிங் அவருக்குத் துணை. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததை எதிர்த்து நம் நாடு போட்டியைப் புறக்கணித்தது. அவர்கள் போகவே இல்லை. சம்பளமும் இல்லாமல், அந்த ஒரு வாய்ப்பும் இல்லாமல் போனது பற்றிப் பாடநூலில் ஒரு பத்தி இருந்தால் நன்றாக இருக்கும் என்பது என் எண்ணம்.

பிறகு வந்த மாற்றத்தில் இரண்டு ஆண்டுகளைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்: 1989இல் பாதித் தொழில்முறை லீக், 1994இல் முழுத் தொழில்முறை. அப்போதும் களத்தில் பெரும்பாலும் மாநிலக் குழுக்களே இருந்தன. மாறியது ஆட்டக்காரர்களின் சம்பளம். அமெச்சூர் ஆட்டம் கீழ்ப்படிகளுக்கு இறங்கியது. 2019இல் மூன்றாம் படியாக எம்3 லீக் தொடங்கியபோது, அங்கே ஆட வந்தவை பெரும்பாலும் கிளப்புகள்.