குறோனிங்கன் நகரசபையும் துவிச்சக்கரவண்டியும்

1971ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் வீதி விபத்துக்களில் 3,000இற்கும் அதிகமானோர் மாண்டனர். அவருள் 400இற்கும் மேற்பட்டோர் சிறுவர். ‘சிறுவர் கொலையை நிறுத்துக’ எனும் இயக்கம் இத்துயரிலேயே பிறந்தது.

இச்சூழலில், அந்நாட்டின் வடபுலத்துக் குறோனிங்கன் நகரசபை, முப்பத்தொரு வயதினரான மக்ஸ் வான் டென் பேர்க்கின் முன்முயற்சியால், 1977 செப்டெம்பரில் நகர மையத்தை நான்கு கூறுகளாக்கியது. ஒரு கூற்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் கார் வெளிவட்ட வீதியாற் சுற்றியே செல்லவேண்டும். துவிச்சக்கரவண்டி நேரே செல்லலாம். மாற்றம் ஓரிரவில் நிகழ்ந்தது.

கடைக்காரர் கொதித்தெழுந்தனர். அவர்தம் அச்சத்தைப் பேராசையென இகழ்தல் நீதியன்று. வாடிக்கையாளர் காரிலேயே வருவர் என நம்பிய வணிகனுக்கு மூடிய வீதி மூடிய கடையாகவே தோன்றும். ஆயின் வணிக நட்டத்தை ஈடுசெய்யலாம். வீதியில் மாண்ட பிள்ளைக்கு ஈடேது? சபை பின்வாங்கவில்லை. வான் டென் பேர்க் பின்னர் பதவி நீங்கினார். நகர மையத்தின் நான்கு கூறுகள் இன்றும் உள.