கப்பல் குமாஸ்தா

கப்பல் என்றதும் நமக்குக் கப்பித்தான்தான் நினைவுக்கு வருவார். ஆனால் லோரியானிலிருந்து புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுக் கும்பெனிப் பாய்மரக் கப்பல்களில் தச்சர், பலகை இடுக்குகளில் சணலும் கீலும் அடைக்கிற 'கல்ஃபா', மருத்துவர், பாதிரியார், எடுபிடிப் பையன்கள் என்று ஒரு கூட்டமே இருந்தது. சமையல்காரருக்குப் பெயர் 'கோக்'. பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்த பிரெஞ்சில் அது சேவல்! (இது டச்சு மொழியிலிருந்து வந்த வேறு சொல்.)

எனக்குப் பிரியம் 'எக்ரிவேன்' மேல்தான். கப்பலின் எழுத்தர். ஆயுசு முழுக்கப் பேரேடு எழுதியவன் வேறு யாரைத் தேடுவேன்? 1681-இல் பதினான்காம் லூயி பிறப்பித்த கடல் சட்டத்தில் அவருக்குத் தனித் தலைப்பே உண்டு. ஏற்றிய சரக்கு, இறக்கிய சரக்கு, ஆட்களின் சம்பளம், கப்பலில் எடுத்த முடிவுகள் எல்லாம் அவர் பதிவேட்டில் ஏற வேண்டும். அது நீதிமன்றத்தில் செல்லும். பொய் எழுதினால் மரண தண்டனை. எங்கள் காலத்தில் மெமோவோடு விட்டுவிடுவார்கள்.

எழுதத் தெரியாத மாலுமி நடுக்கடலில் சாகக் கிடந்தால், மூன்று சாட்சிகளை வைத்து உயில் எழுதிக்கொள்வதும் அவரே. இறந்தபின் பெட்டியைத் திறந்து சாமான்களுக்குப் பட்டியல் போடுவார். துணிமணிகளைப் பாய்மரத்தடியில் வைத்து ஏலம் விடலாம் என்கிறது சட்டம். நேற்றுவரை பக்கத்தில் படுத்திருந்தவனின் சட்டையைப் போட்டுக்கொண்டு இன்னொருவன் பாய் இழுத்திருப்பான். ஊரில், பிரெத்தாஞ் பக்கத்துக் கிராமத்தில் இருந்த விதவை, எக்ரிவேன் எழுதிய அந்த வரியைக் காட்டித்தான் காசைக் கேட்க முடியும்.