கோர்ட்டுக்குப் பூட்டு, கெடுவுக்கு இல்லை

மெட்ராஸ் ஹைகோர்ட்டில் 'லஞ்ச் மோஷன்' என்று ஒன்று உண்டு. தலை போகிற அவசரம் என்றால் வக்கீல் காலையிலேயே நீதிபதியிடம் சொல்லி அனுமதி வாங்குவார். மதிய இடைவேளை முடிந்ததும் வழக்கு எடுக்கப்படும். 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் கிட்டத்தட்ட எல்லா மனுவுக்கும் இதே கதிதான். அவசரம் என்று காட்டினால்தான் விசாரணை.

சரி, எது அவசரம்? நாளைக்கு வீட்டை இடிக்கப் போறாங்க என்றால் சந்தேகமில்லை. ஆனால் முன்சீப் கோர்ட்டில் வீட்டு வழக்கில் தோற்ற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பீலுக்கு 30 நாள். அந்த அப்பீலை இன்றே விசாரிக்க வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. தாக்கல் செய்யத்தான் அவசரம்! கெடு தாண்டினால் வீடு கைவிட்டுப் போகலாம்.

காலவரையறைச் சட்டம் 1963-இன் 4-ஆம் பிரிவு இதற்கு ஒரு வழி சொல்கிறது: கடைசி நாளில் கோர்ட் மூடியிருந்தால், திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம். தீபாவளி லீவுக்கு அது போதும். அவசர வழக்குக்கு மட்டும் பாதி திறந்திருக்கிற கோர்ட்டை என்னவென்று சொல்வது?

சுப்ரீம் கோர்ட் இதைத் தானாகவே கையில் எடுத்தது. மார்ச் 23 அன்று, அதாவது பிரதமர் ஊரடங்கை அறிவிப்பதற்கு முந்தின நாள், அரசியலமைப்பின் 142-ஆம் பிரிவின் கீழ் உத்தரவு: மார்ச் 15 முதல் எல்லாக் கெடுவும் நீட்டிப்பு. வக்கீலும் கட்சிக்காரரும் தாக்கல் செய்ய நேரில் வரத் தேவையில்லை. என்னைக் கேட்டால், அந்த வருடத்தின் அதிகம் பேசப்படாத நல்ல உத்தரவு இதுதான்.

சிக்கல் பிறகு வந்தது. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய போலீசுக்கு உள்ள 60, 90 நாள் கெடுவும் நீளுமா? மதுரைக் கிளையிலேயே ஒரு நீதிபதி நீளாது என்றார், இன்னொருவர் நீளும் என்றார். ஜூன் 19-இல் சுப்ரீம் கோர்ட், நீளாது, ஜாமீன் உண்டு என்று முடித்தது. சலுகை கோர்ட்டை நாடுபவருக்கு; ஆளை உள்ளே வைத்திருக்க அல்ல.

சிவில் பக்கம் அவ்வளவு தாராளம் இல்லை. அசாம் கம்பெனி வழக்கு ஒன்றில் அப்பீலுக்கான 45 நாள் பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. தாமதத்தை மன்னிக்க நடுவர் மன்றத்துக்குச் சட்டம் தரும் இன்னொரு 45 நாள், மார்ச் 18-இல் முடிந்தது. நீட்டிப்பு 15-லிருந்துதானே, தப்பித்தோம் என்று நினைத்திருப்பார்கள். நீட்டித்தது கெடுவைத்தான், மன்னிக்கும் காலத்தை அல்ல என்று 2020 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. ஆறே மாதத்தில், 2021 மார்ச் 8 உத்தரவில், மன்னிக்கும் காலத்தையும் சேர்த்தே விலக்கினார்கள். அந்தக் கட்சிக்காரருக்கு அது எப்படி இருந்திருக்கும்!

இரண்டாம் அலையில் நீட்டிப்பு திரும்ப வந்தது, அக்டோபரில் போனது, ஒமிக்ரானில் மறுபடி வந்தது. கடைசியாக 2022 ஜனவரி 10 உத்தரவு: 15.03.2020 முதல் 28.02.2022 வரை கணக்கிலேயே இல்லை. இடையில் கெடு முடிந்தவர்களுக்கு மார்ச் 1 முதல் 90 நாள். எண்ணிப் பாருங்கள், மே கடைசி வரும். நம்ம ஹைகோர்ட்டுக்கு அது கோடை விடுமுறை.