இரைச்சலுக்குள்ள ஆச்சியின்ர குரல்

எங்கட வீடுகளில கிடக்கிற பழைய கலியாண வீட்டு, சாமத்திய வீட்டு வீடியோ கசெற்றுகளைக் கணினிக்கு மாத்தினா, நாங்கள் முதலில் கேட்பது 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சலைத்தான். அதுக்கொரு வரலாறு இருக்கு.

வி.எச்.எஸ் 1976இல் ஜப்பானில் அறிமுகமானது. படத்தைச் சுழலும் தலைகள் பதிந்தன. ஒலியோ நாடாவின் ஓரத்தில் ஒரு மெல்லிய கீற்றில் பதிந்தது. எங்கட நாட்டில் புழங்கிய பால் முறையில் நாடா செக்கனுக்கு 2.34 சென்ரிமீற்றர்தான் நகரும்; பாட்டுக் கசெற்றில் 4.76. வேகம் பாதி. அதால கூரான ஒலிகள் குறைவு, இரைச்சல் கூட. கொப்பியிலிருந்து கொப்பி எடுக்க எடுக்க அது இன்னும் ஏறியது.

திருத்தலாம். முதலில் டெக்கின் தலையைத் துடைச்சுப்போட்டு மாத்தவேணும். பிறகு ஒடாசிட்டி போன்ற மென்பொருளுக்கு, ஒருவரும் பேசாத ஒரு துண்டை மாதிரியாகக் காட்டினா அந்த இரைச்சலைக் குறைக்கும். மின்சார உறுமலை 50, 100, 150 ஹேர்ட்சில் வெட்டலாம். ஆனா அளவுக்கு மிஞ்சி வெட்டினா 'ச', 'ஸ' மழுங்கும். குரல் தண்ணிக்குள்ள இருந்து வாறமாதிரிக் கேட்கும்.

இடம்பெயர்வுகளில் அல்பங்களைத் தொலைத்த குடும்பங்களுக்கு, ஆச்சியின்ர குரல் மிஞ்சியிருக்கிற ஒரே இடம் அந்தக் கசெற்றாக இருக்கலாம். பின்னால உறுமுற ஜெனரேற்றரும் சாட்சிதான்: 1990களின் முதல் பாதியில் மின்சாரம் இல்லாமல் இருந்த யாழ்ப்பாணம் அது. ஆகவே திருத்தாத பதிவை அப்படியே பத்திரமா வைப்போம். கத்தி வைக்கிறது அதன் பிரதியில மட்டும்.