தறியா, சொந்தமா? ஆரணியை முன்வைத்து மரபுவழி இணைப்புத்திசுக் கோளாறுகள்

ஆரணிப் பட்டுத் தறிகளில் மூட்டுவலிக்கு யாரும் காரணம் தேடுவதில்லை. குழியில் கால்களை இறக்கி, மிதியை மாற்றி மாற்றி அழுத்தி, நாள் முழுக்க முன்சாய்ந்து நெய்பவருக்கு இடுப்பும் முழங்காலும் மணிக்கட்டும் வலிக்கத்தானே செய்யும்? இது பெரும்பாலும் உண்மை. ஆனால் அந்த உண்மையே சிலருக்குத் திரையாகிவிடுகிறது. இணைப்புத்திசுவின் புரதங்களான கொலாஜனோ ஃபைப்ரிலினோ பிறவியிலேயே பழுதுபட்டவர் அதே குழியில் அமர்ந்தால் அவர் வலிக்கும் தறியின் பெயரே வைக்கப்படும்.

தொழில்வலி வேலைக்கு வந்தபின் தொடங்கி, ஓய்வில் தணியும். ஏலர்ஸ்-டான்லோஸ் என்னும் இணைப்புத்திசு நோய்களில் சிறுவயதிலேயே மூட்டு நழுவும். சிலவகைகளில் தோல் இழுபடும், சிறு காயத்தின் தழும்பும் அகலமாகும். கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா, சுண்டுவிரல் பின்னால் 90 பாகைக்கு மேல் வளைகிறதா என்பன போன்ற சோதனைகளுக்கு 9 மதிப்பெண் தருகிறது பெய்ட்டன் அளவை. (நன்றாக வளைபவரெல்லாம் நோயாளியல்லர்.) ஃபைப்ரிலின் பழுதான மார்ஃபான் நோய்க்கு இந்த அளவை போதாது. அதில் இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி, வலியே காட்டாமல் விரிந்து ஒருநாள் கிழியக்கூடும். எக்கோ பரிசோதனை அந்த விரிவை முன்கூட்டியே காட்டிவிடும்.

தறியைத் தாண்டினால் அடுத்த பதில் ஆயத்தமாக இருக்கிறது: 'சொந்தத்தில் கட்டியதால்.' தமிழ்நாட்டுத் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்டவை உறவுக்குள் நடந்தவை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. கூன்முதுகு வகை ஏலர்ஸ்-டான்லோஸ் போன்ற, பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுது வந்தால் மட்டுமே தோன்றும் ஒடுங்குமரபு நோய்களுக்கு இப்பதில் பொருந்தும். மார்ஃபானுக்குப் பொருந்தாது. அதன் மரபணுப் பழுது பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. அத்தை மகளைக் கட்டினாலும் அயலூரில் பெண் எடுத்தாலும் கணக்கு மாறாது. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குப் பெற்றோர் இருவரிடமும் அது இருப்பதில்லை, புதிய பிறழ்வு. ஆகவே தாய்மாமனை மணந்தவள்மேல் பழிபோடுவது அநீதி. அதைவிட ஆபத்தானது, வெளியில் சம்பந்தம் செய்தால் தீர்ந்துவிடும் என்ற போலி நிம்மதி. மருத்துவர் 'சொந்தமா?' என்பதோடு நிறுத்தாமல், வீட்டில் இளவயதில் திடீரென இறந்தவர் யார், அது பெருந்தமனிக் கிழிவல்ல, மாரடைப்புதான் என்று எப்படித் தெரிந்தது என்றும் கேட்கவேண்டும்.

கண்டறிந்தபின் மருந்தும் உண்டு, உரிய நேரத்தில் அறுவையும் உண்டு. பக்கத்து வேலூரிலேயே பெரிய மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் மூச்சடக்கிக் கனம் தூக்காதே என்னும் அறிவுரை, பாவு சுற்றிய உருளையைத் தூக்கி மாட்டுபவருக்குக் கூலியிழப்பு. சட்டமும் கைகொடுப்பதில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பெயர்சொல்லும் 21 வகைகளில் இக்கோளாறுகள் இல்லை. இயக்கக் குறைபாடு என்று விண்ணப்பித்தால், கையை அளக்கும்போது அசைவு எவ்வளவு குறைந்தது என்று பார்க்கப்படுகிறது. அளவுக்குமீறி அசைவதுதான் நோய் என்றிருப்பவருக்கு அந்த அளவுகோலில் சலுகைகளுக்குத் தேவையான 40 விழுக்காடு எட்டுவது அரிது. மூட்டு நழுவலையும் தமனி விரிவையும் கணக்கில் கொள்ளும் மதிப்பீட்டு விதி தனியே வகுக்கப்பட வேண்டும்.